ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால்

கயல், முகில், இரண்டு பேரும் உட்கார்ந்து இதைப் படியுங்கள். படித்து முடித்தபின் என்னிடம் ஒன்றும் கேட்கக் கூடாது. கேட்பதற்கு உங்கள் அம்மா இருக்கிறாள். இந்தக் கதையைச் சொல்வதென்றால் அவளுக்குச் சோறு தண்ணி வேண்டாம். எனக்குத்தான் அலுத்துவிட்டது. பதினைந்து வருஷமாக ஒரே கதைக்கு ஒரே இடத்தில் தலையைக் குனிந்துகொள்வது கழுத்துக்கும் நல்லதில்லை. அதனால் எழுதி வைக்கிறேன். இனி யார் கேட்டாலும் இந்தத் தாள்களை நீட்டிவிட்டு நான் பாட்டுக்குப் படுத்துக்கொள்வேன்.

போன வாரம் கயல் சமூக அறிவியல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வந்து, "அப்பா, இயற்கை வளர்ச்சின்னா இன்னாப்பா? நிகர இடப்பெயர்வுன்னா?" என்று கேட்டாள். சமையல்கட்டில் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது. மிக்சி ஓடும்போது நான் சாவியைக் காணோம் என்று கத்தினாலும் உங்கள் அம்மா நிறுத்த மாட்டாள். அன்றைக்கு நிறுத்தினாள்.

"அப்பாவையே கேளு. அதுக்கெல்லாம் விளக்கம் எழுதனவரே அவர்தான்."

சொல்லிவிட்டு, மிக்சியைத் திரும்பப் போடாமலே சிரித்தாள்.

நான் ஒழுங்காகத்தான் பதில் சொன்னேன். பிறப்பில் இறப்பைக் கழித்தால் இயற்கை வளர்ச்சி. ஊருக்குள் குடிவந்தவர்களில், ஊரை விட்டுப் போனவர்களைக் கழித்தால் நிகர இடப்பெயர்வு. இரண்டையும் கூட்டினால் மக்கள்தொகை வளர்ச்சி. "இவ்ளோதானா?" என்றாய். இவ்வளவுதான் அம்மா. இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டுதான் உன் அப்பன் ஒரு ஊர் நடுவில் மைக்கோடு நின்று மானத்தை விட்டான்.

அப்போது எனக்கு இருபத்தெட்டு வயது. பிளஸ் டூவில் வணிகவியல். தட்டச்சில் தமிழ் ஹையர், ஆங்கிலம் லோயர். (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். என் வாழ்க்கையின் சுருக்கமே இதுதான்.) திருப்போரூர் பஸ் நிலையத்துக்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, மனை விற்கிற பத்திரங்களை அடித்துக்கொண்டிருந்தேன். ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் மஞ்சள் கல் நட்டுக்கொண்டிருந்த நேரம். கடைசியில் எங்கள் முதலாளி அந்தக் கடையையே விற்றுவிட்டார். அந்தப் பத்திரத்தையும் நான்தான் அடித்தேன். பிழையே இல்லாமல் அடித்தேன் என்று அவர் பாராட்டினார். மறுநாளிலிருந்து எனக்கு வேலை இல்லை.

அதே மாதத்தில் உங்கள் அம்மாவுக்கு வளைகாப்பு நடந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் தாத்தா வந்து அழைத்துக்கொண்டு போனார். புதுப்பட்டினத்துக்குச் சற்று இந்தப் பக்கம் இருக்கும் அவர்கள் ஊர் உங்களுக்குத் தெரியும். தாத்தா அப்போது புதுப்பட்டினம் மார்க்கெட்டில் காய்கறிக் கடை வைத்திருந்தார். கல்பாக்கம் டவுன்ஷிப் குடும்பங்களுக்குக் கத்தரிக்காய் நிறுத்தே அவருக்குத் தலை நரைத்தது. அதனால் அவர் கணக்கில் உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள். மாசச் சம்பளக்காரர்கள் ஒரு வகை. மீதி எல்லாரும் இன்னொரு வகை.

கயல், நீ செங்கல்பட்டு பெரிய ஆஸ்பத்திரியில் பிறந்தாய். உன்னைப் பார்த்துவிட்டு நான் வராந்தாவுக்கு வந்தபோது தாத்தா என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

"கொழந்த நல்லா கீது மாப்ளே. மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோ அனுப்பறது வழக்கம். ஆனா நான் அந்த மாசத்த எல்லாம் பாக்கல, மாசச் சம்பளத்ததான் பாக்கறேன். ஒரு வேலைய கையில புடிச்சிக்கினு வாங்க. ரெண்டு பேரையும் நானே ஆட்டோல ஏத்தி வுடறேன்."

மரியாதையாகத்தான் சொன்னார். ஞாயிற்றுக்கிழமைதோறும் திருப்போரூரில் பஸ் ஏறி, மாமல்லபுரத்தில் இறங்கி, வேறு பஸ் பிடித்துப் போய் கயலையும் அம்மாவையும் பார்த்துவிட்டு, அதே போல் இரண்டு பஸ் மாறித் திரும்புவேன். மூன்றாம் மாதம் வந்தது, போனது. யாரும் அதைப் பற்றிப் பேசவில்லை. என் மாமியார், அதாவது உங்கள் ஆயா, எனக்கு மீன் குழம்பு போட்டாள். விருந்தாளிக்குப் போடுவதுபோல் நடுத்துண்டாகப் பார்த்துப் போட்டாள். எனக்கு அது தொண்டையில் இறங்கவில்லை. (இறங்கியது. மூன்று துண்டு சாப்பிட்டேன். மனம் சரியில்லை என்று சொல்ல வந்தேன்.)

அந்தச் சமயத்தில்தான் கேளம்பாக்கம் பக்கம் ஒரு ஆராய்ச்சி அமைப்பு மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்து, சுற்றியிருக்கும் ஊர்களில் மக்கள்தொகை எப்படி வளர்கிறது என்று கணக்கெடுக்கக் கிளம்பியது. தமிழ் அடிக்கத் தெரிந்த ஆள் வேண்டும் என்றார்கள். போனேன். அங்கே பொறுப்பாக இருந்தவர் நிர்மலா மேடம். பாலக்காட்டுக்காரர். ஊரப்பாக்கத்தில் குடியிருந்தார். தமிழ் நன்றாகப் பேசுவார், படிப்பதற்கு மட்டும் ஒவ்வொரு எழுத்தாகக் கை வைத்துப் போவார்.

அவர் என் முன்னால் பதினோரு பக்க ஆங்கிலத்தாளை வைத்தார். முழுக்க வரையறைகள். இயற்கை வளர்ச்சி என்றால் என்ன, குடியேறியவர் என்றால் யார், ஒரு வீட்டில் வழக்கமாக வசிப்பவர் யார், இப்படி.

"இதை எல்லாம் தமிழில் மாற்றி ஒரே அட்டையில், ஒரே பக்கத்தில் கொண்டுவரணும். லேமினேட் பண்ணி வீடு வீடாகப் போகிற பெண்கள் கையில் கொடுப்போம். அவங்க அங்கே நின்னு யோசிக்கக் கூடாது. அட்டையைப் பார்க்கணும், எழுதணும். செய்வீங்களா?"

"செய்றேன் மேடம்."

"முதல் ஊர் முடிஞ்சு, அந்த மக்கள் முன்னாடி கணக்கை வாசிச்சுக் காட்டிட்டோம்னா, உங்களை நிரந்தரமா எடுத்துக்கலாம். ஆர்டர் தயாரா இருக்கு."

மாசச் சம்பளம். எனக்கு அந்த நிமிஷமே ஆட்டோவின் சத்தம் காதில் கேட்டது.

பத்து நாள் அகராதியை மடியில் வைத்துக்கொண்டு மொழிபெயர்த்தேன். லோயர் பாஸ் பண்ணினவன் ஹையர் வேலை பார்த்தேன் என்றே சொல்ல வேண்டும். ஒவ்வொரு வரையறையையும் எழுதி முடித்ததும் தெருமுனை டீக்கடைக்குப் போய் மாஸ்டரிடம் வாசித்துக் காட்டுவேன். சாதாரண ஜனத்துக்குப் புரிகிறதா என்று சோதிப்பதாக எனக்குள் நினைப்பு.

"அண்ணாத்த, பதிலீட்டு மட்டம்னு ஒண்ணு. அப்பா அம்மா ரெண்டு பேருக்கும் பதிலா ரெண்டு புள்ளைங்க இருந்தா ஜனத்தொகை கூடாம கொறையாம நிக்கும்."

அவர் டீயை ஆற்றிக்கொண்டே யோசித்தார். "ரெண்டு பெத்து வளத்துட்டேன். அப்ப நானும் எங்கூட்டுக்காரியும் கெளம்பிடலாம்ன்றியா?"

"அப்படி இல்ல."

"அப்படித்தான எழுதிக்கீற."

இரட்டிப்புக் காலம் என்றேன். ஊர் ஜனம் இரண்டு மடங்காவதற்கு எத்தனை வருஷம் ஆகும் என்ற கணக்கு. "தண்ணி கொழாயும் ரெண்டு மடங்கு ஆவுமா?" என்று கேட்டார். அது இந்த அட்டையில் வராது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நான் எழுதியதிலேயே எனக்கு ரொம்பப் பிடித்தது 'வழக்கமாக வசிப்பவர்' என்பதன் வரையறை. ஆங்கிலத்தில் அது அரைப் பக்கம் ஓடியது. நான் இரண்டே வரியில் முடித்தேன்.

'ஒரு வீட்டில் தொடர்ந்து ஆறு மாதத்துக்கு மேல் தங்கினால் அவர் அந்த வீட்டுக்காரர். வீட்டை விட்டு ஆறு மாதத்துக்கு மேல் வெளியே தங்கினால் அவர் வெளியேறியவர்.'

இப்போது படித்தாலும் நன்றாகத்தான் இருக்கிறது. கல்வெட்டில் வெட்டலாம். அதற்குக் கீழே ஆங்கிலத்தில் எறும்பு அளவு எழுத்தில் நாலு வரி அடிக்குறிப்பு இருந்தது. 'பெண்கள்' என்று ஆரம்பித்தது. அதற்கு மேல் நான் படிக்கவில்லை. அட்டையில் இடமில்லை. அடிக்குறிப்பெல்லாம் பேராசிரியர்கள் ஒருவருக்கொருவர் போட்டுக்கொள்வது, நமக்கெதற்கு என்று விட்டுவிட்டேன்.

அட்டை தயாரானதும் முதலில் எங்கள் தெருவிலேயே சோதித்துப் பார்த்தோம். கணக்கெடுக்கிறவர்கள் வீட்டுக் கதவில் சாக்பீஸால் எழுதுவார்கள். மேலே வீட்டு எண், ஒரு கோடு, கீழே அந்த வீட்டில் வசிப்பவர்கள் எத்தனை பேர் என்ற எண். பதினாலாவது வீடு நான் வாடகைக்கு இருந்த வீடு. சாக்பீஸை நானே வாங்கிக்கொண்டேன். காலண்டரைப் பார்த்தேன். உங்கள் அம்மா போய் ஆறு மாதம் முடிந்து நாலு நாள் ஆகியிருந்தது. கோட்டுக்குக் கீழே 1 என்று எழுதினேன்.

எனக்குப் பெருமையாக இருந்தது. சொந்த வீட்டுக்கே சலுகை காட்டாத நேர்மை என்று நினைத்தேன். ஒன்று மட்டும் தோன்றவில்லை. என் வீட்டில் இரண்டு பேர் குறைந்தால், வேறு ஏதோ ஒரு வீட்டில் இரண்டு பேர் கூடியிருக்க வேண்டும். இந்தப் பாடத்தின் அரிச்சுவடியே அதுதான். அதைத் தமிழில் எழுதினவனுக்கே அது உறைக்கவில்லை.

முதல் ஊராக மேடம் தேர்ந்தெடுத்தது உங்கள் தாத்தா ஊரை. நான்தான் சொன்னேன். அங்கே நமக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள், ஒத்துழைப்பார்கள் என்றேன். உண்மையான காரணம் வேறு. வேலை கிடைத்த கையோடு மாமனார் கண்ணெதிரே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அதுவரை அவர்கள் வீட்டில் வேலையைப் பற்றி மூச்சு விடவில்லை. வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது என்பதை நான் திட்டம் போட்டுச் செய்தேன்.

வீடு வீடாகப் போனவள் சுகன்யா என்று ஒரு கல்லூரிப் பெண், திருப்போரூர்க்காரி. மாமனார் வீட்டு வாசலில் நோட்டோடு போய் நிற்பது முறையில்லை என்று நான் அந்தப் பக்கமே போகாமல் ரேஷன் கடை நிழலில் உட்கார்ந்திருந்தேன். இரண்டாம் நாள் அவள் வந்து கேட்டாள்.

"அண்ணா, பிரசவத்துக்கு வந்துகிறவங்கள இன்னா பண்றது? வூட்டுக்கு வூடு ஒருத்தராவது கீறாங்க."

"வந்து ஆறு மாசம் ஆச்சா?"

"ஏழாம் மாசம் வராங்க, கொழந்தைக்கு அஞ்சு மாசம் ஆவறவரைக்கும் இருக்கறாங்க. ஆறத் தாண்டிடுதுண்ணா."

"அட்டைல இன்னா போட்டுக்குது?"

"குடியேறியவர்."

"அப்ப அத எழுது. யோசிக்காத."

அவள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள். இப்போது நினைத்தால், அந்த ஊரில் அன்றைக்கு மூளையைப் பயன்படுத்தியவள் அவள் ஒருத்திதான். அதையும் நான் கெடுத்தேன்.

தாள்கள் வந்து சேர்ந்ததும் நான்தான் உட்கார்ந்து முழுப் பட்டியலையும் அடித்தேன். என் உள்மனசு ஏன் சொல்லவில்லை என்று உங்கள் அம்மா இன்றைக்கும் கேட்கிறாள். தட்டச்சுக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கண் படிக்கும், விரல் அடிக்கும், நடுவில் மண்டைக்கு எதுவும் போகாது. கடை விற்கிற பத்திரத்தைப் பிழையில்லாமல் அடித்தவன் இல்லையா நான்.

கணக்கைப் பார்த்த மேடத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். பிறப்பு ஏகமாக இருந்தது. இறப்பு குறைவு. அதற்கு மேல், இளம் பெண்கள் கூட்டம் கூட்டமாக ஊருக்குள் குடியேறியிருந்தார்கள். ஒருத்தி கூடக் கணவனோடு வரவில்லை. "இது ரொம்ப அபூர்வமான போக்கு. பக்கத்தில் டவுன்ஷிப் இருக்கிறதால வேலைக்கு வராங்கபோல" என்றார். நானும் ஆமாம் மேடம் என்றேன். மேடம் சொன்னால் ஆமாம் என்பதில் நான் ஹையர்.

கூட்டம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில். ரேஷன் கடைக்குப் பக்கத்தில் பந்தல், கரண்ட் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர். தாத்தா கஞ்சி போட்ட சட்டையில் முதல் வரிசை நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "நம்ம மாப்ளே. ஆராய்ச்சில கீறாரு" என்று பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது என் காதில் விழுந்தது. கல்யாணத்தன்றுகூட அவர் என்னை அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

அந்த அமைப்பில் ஒரு வழக்கம் உண்டு. கணக்கெடுத்த ஊரிலேயே பட்டியலைச் சத்தமாக வாசிக்க வேண்டும். தப்பிருந்தால் ஜனங்களே எழுந்து சொல்லட்டும் என்பதற்காக. மைக்கை என்னிடம் கொடுத்தார்கள். தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

இயற்கை வளர்ச்சி, நிகர இடப்பெயர்வு எல்லாம் விளக்கினேன். ஜனங்கள் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள். பிறகு ஊருக்குள் புதிதாகக் குடியேறியவர்களின் பட்டியலை எடுத்தேன்.

"வீட்டு எண் ஒன்பது. குடியேறியவர் செல்வி, இடைக்கழிநாட்டிலிருந்து. காரணம், குழந்தைக்கு மூன்று மாதம் முடிந்தும் மாமியார் நேரில் வந்து அழைக்கவில்லை."

கூட்டத்தில் சின்னதாக ஒரு சலசலப்பு. காரணம் என்ற கட்டத்தில் ஜனங்கள் சொன்னதைச் சொன்னபடி எழுது என்று சுகன்யாவிடம் சொன்னதும் நான்தான். நான் நிறுத்தவில்லை. எனக்கு நல்ல கணீர்க் குரல். அதை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

"வீட்டு எண் இருபத்து மூன்று. குடியேறியவர் கலா, மதுராந்தகத்திலிருந்து. காரணம், அந்த வீட்டில் மின்விசிறி இல்லை."

யாரோ சிரித்தார்கள். யாரோ "அடிப்பாவி" என்றார்கள்.

"வீட்டு எண் அறுபத்திரண்டு. குடும்பத் தலைவர் முனுசாமி. குடியேறியவர் மல்லிகா, வயது இருபத்து நான்கு, திருப்போரூரிலிருந்து. காரணம், கணவருக்கு வேலை இல்லை. திரும்பிப் போவது எப்போது என்றால், தெரியாது. அந்த வீட்டில் பிறப்பு ஒன்று. வீட்டு எண் அறுபத்து மூன்று..."

அறுபத்து மூன்றில் என்ன இருந்தது என்று எனக்கு இன்றுவரை தெரியாது. பந்தலில் ஒரு சத்தமும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் முதல் வரிசையைப் பார்த்தார்கள். முதல் வரிசை என்னைப் பார்த்தது. நான் தாளைப் பார்த்தேன். முனுசாமி. மல்லிகா. திருப்போரூர். என் விரலாலேயே அடித்த எழுத்துகள்.

தாத்தா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே, ரொம்ப நிதானமாகக் கேட்டார்.

"மாப்ளே, அது நம்ம மல்லிகாவா?"

மைக் என் வாய்க்கு எதிரே இருந்தது. "ஆமா மாமா" என்றேன். அதுவும் கம்பத்து ஸ்பீக்கரில் போய் ஊர் முழுக்கக் கேட்டது.

"புருசனுக்கு வேலையில்லன்னு எழுதிக்கீது?"

"ஆமா மாமா."

அவர் தலையை ஆட்டினார். "சரியாத்தான கீது. மேல படிங்க."

மேலே படிக்க விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்த ராணியக்கா எழுந்தாள். மீன் விற்கிறவள். அவளுக்கு மைக் தேவையில்லை.

"எம்பொண்ணு புள்ள பெக்க வந்துக்குது. அடுத்த வாரம் புருசன் வூட்டுக்குப் போவுது. அத்தப் போயி குடியேறிட்டான்னு எழுதிக்கீறியே, அவ மாமியார் காதுல வுழுந்தா யார்ரா பதில் சொல்றது, நீயா?"

இன்னொரு அம்மா எழுந்தார். அவர் மாமியார் கட்சி. "எம்மருமவ தாய்வூட்டுக்குப் போயிகீறா. வெளியேறிட்டான்னு சொல்லி எழுதிகினு போயிருக்குதே அந்தப் பொண்ணு. எங்கூட்டுக் கதவுல ஒரு ஆள கொறச்சி போட்டுக்குது. அவ இன்னா ஓடியா பூட்டா?"

"வந்த பொண்ணுங்கள எண்ணிட்டு ஊரு வளந்துடுச்சின்றான். பொங்கலுக்கு வா, இன்னும் வளந்துக்கும்" என்றது பின்னாலிருந்து ஒரு குரல்.

மேடம் என் பக்கம் சாய்ந்தார். இந்த ஊர்ப் பேச்சு, அதுவும் அந்த வேகத்தில், அவருக்குப் பிடிபடவில்லை. "என்ன சொல்றாங்க?"

அந்த நேரத்தில் ஒருவர், அந்த அட்டையைக் கிழித்து என் வாயில் வைக்கும்படி சொல்லிக்கொண்டிருந்தார்.

"வரையறையில் சின்னத் திருத்தம் வேணும்ங்கறாங்க மேடம்" என்றேன். நான் செய்த மொழிபெயர்ப்புகளிலேயே நல்ல மொழிபெயர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். அதுவும் யாருக்கும் உதவவில்லை.

மேடம் பையிலிருந்து அந்தப் பதினோரு பக்கத்தை எடுத்தார். புரட்டினார். நின்றார். அந்த எறும்பு எழுத்தைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார். பிறகு எனக்கு மட்டும் கேட்கும்படி தமிழில் சொன்னார்: "பெண்கள் பிரசவத்துக்காகத் தாய்வீடு போயிருந்தால், எத்தனை மாதம் தங்கினாலும் கணவர் வீட்டிலேயே கணக்கில் சேர்க்கவும். பிறந்த குழந்தையையும் அங்கேயே சேர்க்கவும்." அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கே?"

"இடம் இல்ல மேடம்."

அவர் கத்தவில்லை. களைத்த மனுஷி. எங்கோ ஒரு ஊரில் உட்கார்ந்து அந்த அடிக்குறிப்பை எழுதியவருக்கு நம்ம வீட்டு வழக்கம் தெரிந்திருக்கிறது. வளைகாப்பில் நின்று பன்னீர் தெளித்த எனக்கு அட்டையில் இடமில்லை.

கூட்டம் கலைந்தபின் நான் மாமனார் வீட்டுக்குப் போனேன். போகாமல் பஸ் ஏறியிருக்கலாம். கால் அங்கேதான் போயிற்று. உங்கள் அம்மா கூடத்தில் உட்கார்ந்து உன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள், கயல். நீ தூளியில் தூங்கிக்கொண்டிருந்தாய். கம்பத்து ஸ்பீக்கர் அந்த வீட்டு ஜன்னலுக்கு நேராக இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

"நல்லா கேட்டுச்சி. ஒரு எழுத்துகூட வுடாம படிச்சீங்க" என்றாள்.

நான் வாசல்படியிலேயே நின்றேன்.

"அந்தக் காரணம் எங்கம்மா சொன்னது. நான் சொல்லல."

"தெரியும்."

"ஆறு மாசம் ஆயிடுச்சா?"

"ஆறு மாசம் பத்தொன்பது நாள்."

மடித்துக்கொண்டிருந்த கை நின்றது. "எண்ணிகினு கீறீங்களா?" என்றாள். கேலியாகக் கேட்கத்தான் ஆரம்பித்தாள். பாதியிலேயே குரல் மாறிவிட்டது.

அந்த நேரம் தாத்தா உள்ளே வந்தார். கால் கழுவினார். துண்டால் துடைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்தார். "ஆறு மாசத்துக்கு மேல தங்குனா அந்த வூட்டு ஆளுன்னு போட்டுக்கீறீங்க. அப்படி பாத்தா நான் எம்பொண்ண கட்டிக்குடுத்ததே இல்லன்னு ஆவுது" என்றார்.

"அட்டை தப்பு மாமா. கீழ ஒரு குறிப்பு இருந்துச்சி, நான் வுட்டுட்டேன்."

"அட்டை தப்புன்னு அவங்க சொல்றாங்க. தப்பு அட்டைலயா, எங்கிட்டயான்னுதான் வூட்டுக்கு வர்றவரைக்கும் நான் யோசிச்சிகினு வந்தேன்." அதற்கு மேல் அந்தப் பேச்சை அவர் வளர்க்கவில்லை. "வேலை போச்சா?"

"நாளைக்குச் சொல்லுவாங்க. போயிடும்."

"போயிடும்னு தெரிஞ்சிகினேவா இங்க வந்து நிக்கறீங்க?"

உங்கள் அம்மா துணி மூட்டையை முடிச்சுப் போட்டாள்.

"நாளைக்கு நான் கெளம்பறேன்பா. வேலை வரும்போது வரட்டும். இன்னும் ஒரு மாசம் இங்க இருந்தா ரேஷன் கார்டுல பேர ஏத்திடுவாங்க இவங்க ஆளுங்க."

தாத்தா அவளைப் பார்த்தார், தூளியைப் பார்த்தார், கடைசியில் என்னைப் பார்த்தார். "காலைல ஆட்டோ சொல்லிடறேன்" என்றார். அவ்வளவுதான்.

வேலை போயிற்று. மேடம் நல்லவர்; போவதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார். அட்டையைத் திருத்தி, அடிக்குறிப்பைப் பெரிய எழுத்தில் அடிக்கச் சொன்னார். இந்த முறை ஒவ்வொரு சொல்லையும் படித்து அடித்தேன். அட்டை இரண்டு பக்கம் ஆயிற்று. நாலு மாதம் கழித்து செங்கல்பட்டில் இந்த அச்சகத்தில் சேர்ந்தேன். இன்னும் அங்கேதான் இருக்கிறேன். அடிக்குறிப்பு வந்தால் முதலில் அதைத்தான் படிப்பேன்.

மற்றது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு பொங்கலுக்கும் நாம் பைகளோடு போய் இறங்கினால், தாத்தா வாசலிலேயே நிறுத்திக் கேட்பார்: "மாப்ளே, தங்க வந்தீங்களா, குடியேற வந்தீங்களா?" சிரிக்க வேண்டிய இடத்தில் நாம் எல்லாரும் சிரிப்போம். அம்மா கோபித்துக்கொண்டு இரண்டு நாள் தாய்வீடு போனால், முகில்கூட காலண்டரைக் கிழித்துவிட்டு, "இன்னும் ஆறு மாசம் ஆவலப்பா" என்கிறான். அவன் பிறக்கும் முன்பே நடந்த கதை. சொல்லட்டும்.

ஒன்று மட்டும் உங்கள் அம்மாவுக்கும் தெரியாது. அந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பஸ் மாறித் திருப்போரூர் வந்து சேர்ந்தபோது வெயில் இன்னும் இறங்கவில்லை. தெருவில் யாருமில்லை. சாவியை எடுத்துக்கொண்டு நிமிர்ந்தால், கதவில் என் கையெழுத்து. மேலே 14, ஒரு கோடு, கீழே 1. துண்டின் நுனியை எச்சிலால் நனைத்து அந்த ஒன்றை அழித்தேன். சுலபத்தில் போகவில்லை, மரத்தின் பள்ளத்தில் ஏறியிருந்தது. சட்டைப் பையைத் தடவினேன். கூட்டத்தில் கரும்பலகையில் எழுதிக்காட்ட வைத்திருந்த சாக்பீஸ் துண்டு ஒன்று இருந்தது. கோட்டுக்குக் கீழே 3 என்று எழுதிவிட்டு, கதவைத் திறந்தேன்.